வேளாங்கண்ணிக்கு ஒரு பழைய புல்லட்

பழவேற்காடு போயிருக்கிறீர்களா? சென்னையிலிருந்து வடக்கே மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போனால் சுமார் 55 கிலோமீட்டர். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அங்கேதான் இருக்கிறது. டச்சுக்காரர்களின் கல்லறை, பூநாரைகள், இறால் வறுவல்... ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இதற்காகத்தான் வரும். பாலம் தாண்டிக் கடல் பக்கம் போனால் லைட்ஹவுஸ் குப்பம். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவில் மணல். வீட்டில் இரும்புச் சாமான் வைத்திருப்பவருக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது!

அந்த ஊரில் ஒரு வீட்டு வாசலில் 1990 மாடல் புல்லட் 350 நிற்கிறது. வீட்டுக்காரர் முன்பு கடலுக்குப் போனவர். பிறகு மீன் வியாபாரம். விடியற்காலையில் ஏலம் எடுத்து, ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டி, பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போய் வந்தது எல்லாம் இந்த வண்டியில்தான். இப்போது அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. வலது முழங்கால் சரியில்லை. புல்லட்டை வைத்திருப்பவருக்கு வலது முழங்கால் எவ்வளவு முக்கியம் என்பது உதைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

2025 ஆரம்பத்தில் வண்டியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதே சமயம் சென்னையிலிருந்து ஒருவர் விலை பேச வந்தார். பழைய இரும்பு இன்ஜின் புல்லட்டுக்கு இப்போது நல்ல கிராக்கி. அவர் சொன்ன தொகை, அதைப் புதிதாக வாங்கிய விலையைப் போல் சில மடங்கு. காட்டுப்பள்ளி பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகும் மகன் உடனே கணக்குப் போட்டுவிட்டான்.

"குடுத்துடலாம் நைனா. ஒரு ஸ்கூட்டி எடுத்துக்கலாம். பட்டனை அமுக்குனா போவும்."

அப்பா பதில் சொல்லவில்லை. சொன்னது அம்மா.

"வேளாங்கண்ணி போயிட்டு வந்து குடுத்துக்குங்க."

அது இருபது வருஷக் கடன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா கடலில் இருந்தார். கரையில் அலை புகுந்து வீடுகளையும் படகுகளையும் புரட்டியபோது, ஆழத்தில் இருந்தவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. சுனாமி ஆழ்கடலில் உயராது, கரைக்கு வரும்போதுதான் எழும். ஆனால் கரையில் நின்ற அம்மாவுக்கு அந்த விஞ்ஞானம் தெரியாதே. அவர் திரும்பி வரும்வரை அழுதுகொண்டே வேண்டிக்கொண்டது: உயிரோடு வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து வேளாங்கண்ணி வருகிறோம் என்று. பிறகுதான் தெரிந்தது, அதே அலை வேளாங்கண்ணியிலும் நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோயிருந்தது. கொஞ்ச காலம் அந்தப் பெயரைச் சொல்லவே அம்மாவுக்குப் பயம். பயம் போனபோது பணம் இல்லை. பணம் வந்தபோதெல்லாம் வலைக்கோ படகு இன்ஜினுக்கோ போனது.

சரி, பஸ்ஸில் போகலாமே? அம்மாவுக்கு பஸ் ஏறினால் வாந்தி. மீஞ்சூர் தாண்டுவதே கஷ்டம். வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் மட்டும் ஒன்றும் செய்யாது. ஆக, அப்பாவின் முழங்கால் முழுதாக மக்கர் செய்வதற்குள், வண்டி கைமாறுவதற்குள், நானூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் அந்த வண்டியிலேயே போயாக வேண்டும். பொன்னேரியைத் தாண்டிப் பல வருஷம் போகாத வண்டி!

பிறந்த வீடு பக்கத்தில்தான்

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த கம்பெனி. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு புல்லட் வாங்க ஆரம்பித்தபின், 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. தொழிற்சாலை திருவொற்றியூரில். இங்கிலாந்துத் தாய்க் கம்பெனி 1970 வாக்கில் மூடப்பட்டது. திருவொற்றியூரில் மட்டும் அதே பழைய இன்ஜின் வந்துகொண்டே இருந்தது. 1970-களின் பிற்பகுதியில் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது என்பது நல்ல வேடிக்கை. 1994-ல் கம்பெனி ஐஷர் குழுமத்தின் கைக்குப் போனது. புகை விதிகள் இறுகியதால் 2010-ஐ ஒட்டி இரும்பு இன்ஜின் நின்று, புது இன்ஜின் வந்தது.

அந்தப் பழைய இன்ஜின் 346 சிசி. பிஸ்டனின் விட்டம் 70 மி.மீ., அது மேலும் கீழும் போகும் தூரம் 90 மி.மீ. அகலத்தைவிட ஓட்டம் அதிகம். அதனால்தான் குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவை, அந்த "டப் டப்" சத்தம், கூடவே அதிர்வு. மணிக்கு 55, 60-ல் போனால் நாள் முழுக்க ஓடும். 80-ல் விரட்டினால் வண்டியும் கெடும், ஓட்டுபவரும் கெடுவார்.

முக்கியமான விஷயம், இந்த இன்ஜினில் மறைத்து வைத்த எதுவும் இல்லை. பாயின்ட், கண்டென்சர், கார்புரேட்டர், கேபிள்... எல்லாம் கண்ணுக்குத் தெரிவது, கையால் கழற்றக்கூடியது. சாமான் வேண்டுமென்றால் சென்னையில் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் இருக்கின்றன. முப்பத்தைந்து வயது வண்டியை நம்பி வெளியூர் போகலாம் என்று நினைக்கவே காரணம் இதுதான்.

முதலில் பழுது, அப்புறம் மாற்றம்

காமர்ஸ் படித்தவர்களுக்கு இரண்டு சொற்கள் மறக்காது. வருவாய்ச் செலவு, மூலதனச் செலவு. இருப்பதை இருந்தபடி ஓடவைக்கச் செய்வது முதலாவது. இருப்பதைவிட மேலான ஒன்றாக ஆக்கச் செய்வது இரண்டாவது. பழைய வண்டியை நீண்ட பயணத்துக்குத் தயார் செய்யும் நிறைய பேர் செய்யும் தப்பு, முதல் செலவைச் செய்யாமல் இரண்டாவதற்கு ஓடுவது. பேரிங் ஆடிக்கொண்டிருக்கும், ஆனால் சைடு பாக்ஸ் புதிதாக மின்னும்!

சே குவேராவும் அவர் நண்பரும் 1952-ல் அர்ஜென்டினாவிலிருந்து 500 சிசி நார்டன் வண்டியில் கிளம்பிய கதை பிரபலம். அந்த வண்டி சிலி நாட்டோடு படுத்துவிட்டது. மீதிப் பயணம் லாரியிலும் நடையிலும்தான். அவர்களுக்கு வயது இருபதுகள். அறுபது வயதுக்காரர்கள் அப்படி நடுவழியில் நிற்க முடியுமா?

மகனும் முதலில் சீட்டைப் பற்றித்தான் பேசினான். பொன்னேரி மெக்கானிக் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டினார். லொடலொடவென்று ஆடியது. "தம்பி, இத வச்சினு மெத்தை போட்டா இன்னா, பஞ்சு போட்டா இன்னா?" என்றார்.

இரண்டு நாள் வேலை. ஸ்விங் ஆர்ம் புஷ் மாற்றினார்கள். ஹேண்டில் பார் திரும்பும் இடத்தில் இருந்த பால் ரேஸ் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது, அதுவும் புதிது. இரண்டு வீல் பேரிங். முன் ஃபோர்க்கில் ஆயில் என்ற பெயரில் கறுப்பாக ஏதோ இருந்தது, வடித்துப் புது ஆயில். பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பரும் கசிந்துபோயிருந்தன. புது ஜோடி போட்டு, இரண்டு பேர் எடைக்கு ஸ்பிரிங்கை ஒரு படி ஏற்றி வைத்தார்கள். டயர் பார்க்க நன்றாக இருந்தாலும் பக்கச்சுவரில் வெடிப்பு. மாற்றினார்கள், ட்யூபோடு சேர்த்து.

பிறகு இன்ஜினை ஃப்ரேமில் பிடிக்கும் போல்ட்டுகள். இன்ஜினின் தலைப்பகுதியை ஃப்ரேமோடு இணைக்கும் ஒரு பட்டை இருக்கிறது. அது தளர்ந்தால் அதிர்வு கைக்கும் காலுக்கும் நேராக வரும். "புல்லட்னா அப்படித்தான் ஆடும்" என்று பல வருஷம் சகித்துக்கொண்ட அதிர்வில் பெரும்பகுதி, அந்த போல்ட்டுகளை முறுக்கியதும் போய்விட்டது. செலவு ஒரு டீ காசு :-)

டேப்பட் பார்ப்பது இதில் ரொம்ப எளிது. இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். புஷ் ராடை விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவே. பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கி மகன் அதைச் செய்யக் கற்றுக்கொண்டான்.

உப்பு

இந்த ஊருக்கே உரிய வில்லன் ஒன்று உண்டு. உப்புக்காற்று ஒரு பக்கம் என்றால், மீன் பெட்டி இன்னொரு பக்கம். வருஷக்கணக்காக ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் சொட்டியதில் வண்டியின் பின்பாதி மட்டும் இருபது வயது கூடுதலாக இருந்தது! பின் மட்கார்டு சல்லடை. பேட்டரி வைக்கும் தட்டு கையோடு வந்தது. ஸ்போக்ஸில் பாதி, நிப்பிளோடு ஒட்டிப்போய்த் திரும்பவே இல்லை.

பின் ரிம்மைப் பிரித்துப் புது ஸ்போக்ஸ் கட்டினார்கள். ஃப்ரேமைச் சுரண்டி, துருவை எடுத்து, பிரைமர் அடித்து, பெயின்ட். சேஸிஸ் நம்பர் இருக்கும் இடத்தை மட்டும் மகன் தானே துணியால் துடைத்து, கிரீஸ் தடவி வைத்தான். பதிவு புதுப்பிக்கும்போது அந்த நம்பர் மேல் பென்சில் தேய்த்து அச்சு எடுப்பார்கள். துரு அதைத் தின்றுவிட்டால் வண்டி ஓடினாலும் ஓடாத மாதிரிதான்.

குப்பத்தில் கடலுக்குப் போய் வந்தவுடன் படகு இன்ஜினை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதே ஆட்கள் வண்டியை மட்டும் அப்படியே நிறுத்துவார்கள். இப்போது அந்த வீட்டில் மாலையில் ஒரு வாளி நல்ல தண்ணீர் வண்டிக்கு. கழுவித் துடைத்து, ஈரம் போன பிறகு செயினுக்குக் கொஞ்சம் ஆயில். வயர் முனைகளில் வாசலின். அதிவேகத் தண்ணீர் பீய்ச்சக் கூடாது, பேரிங்குக்குள் போகும்.

பிறகுதான் சௌகரியம்

இங்கே ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். வெட்டக் கூடாது, வெல்டிங் வைக்கக் கூடாது. எதைச் செய்தாலும் போல்ட்டைக் கழற்றினால் பழைய வண்டி திரும்ப வர வேண்டும். விற்பதென்றாலும் விலை குறையாது. சட்டமும் ஒரு காரணம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சைலன்சரை மாற்றி ஊரை எழுப்புவது, வேறு இன்ஜின் வைப்பது எல்லாம் ஆபத்து.

சீட்: பழைய சீட்டில் பஞ்சு அமுங்கித் தகரம் தட்டியது. மெத்து மெத்தென்று போடத்தான் எல்லாருக்கும் ஆசை. ஆனால் மிருதுவான ஃபோம் அரை மணி நேரம்தான் சுகம், பிறகு உட்கார்ந்த இடத்தில் பள்ளமாகிவிடும். கொஞ்சம் கெட்டியான ஃபோம், மேலே ஒரு மெல்லிய மிருதுவான அடுக்கு. இதுதான் சரி. முன்பக்கம் ஒடுக்கமாக விட்டார்கள், அப்பாவின் கால் தரையில் ஊன்ற வேண்டுமே. பின்பக்கம் அகலம்.

ஹேண்டில் பார்: அப்பா முன்னால் குனிந்துதான் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு அங்குலம் உயர்ந்து, கொஞ்சம் பின்னால் வரும் பார் ஒன்று போட்டார்கள். முழங்கை லேசாக மடங்க வேண்டும், மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். பாரை உயர்த்தினால் கேபிள்களின் நீளம் போதுகிறதா என்று இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். இழுபட்டால் திருப்பத்தில் வண்டி தானாகவே ஆக்சிலரேட்டர் கொடுக்கும்.

பல் சக்கரம்: கியர் பாக்ஸ் பக்கம் இருந்த 16 பல் ஸ்ப்ராக்கெட்டை 17 ஆக்கினார்கள். அதே வேகத்துக்கு இன்ஜின் ஏறக்குறைய ஆறு சதவீதம் மெதுவாகச் சுற்றும். மலை ஏறுவதாக இருந்தால் யோசிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மேடு ஏது?

அம்மாவின் இடம்: பயண வண்டி பற்றிப் பேசுபவர்கள் பின்னால் உட்காருபவரை மறந்துவிடுவார்கள். அம்மா இத்தனை வருஷமும் ஒரு பக்கமாகக் கால் போட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார். பொன்னேரி வரைக்கும் சரி. நாள் முழுக்க அப்படி உட்கார்ந்தால் இடுப்பு போய்விடும், எடை ஒரு பக்கம் சாய்ந்து ஓட்டுபவருக்கும் கஷ்டம். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும் என்றால் புடவை சரிப்படாது.

ஒரு வாரம் வாக்குவாதம். "இந்த வயசுல சுடிதார் போட்டுனு போனா குப்பமே சிரிக்கும்." கடைசியில் மகளின் சுடிதாரைப் பிரித்துத் தைத்து, விடியற்காலை நான்கரைக்குக் கிளம்புவது, யாரும் பார்க்கமாட்டார்கள் என்று ஒப்பந்தமானது! இரண்டு பக்கமும் அகலமான ஃபுட்ரெஸ்ட், பிடித்துக்கொள்ள பின்னால் கம்பி, அதற்குப் பின்னால் துணிப்பை கட்டிய கேரியர். பை முதுகுக்குச் சாய்மானமாகவும் ஆனது. சாரி கார்டைக் கழற்றவில்லை. துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கும்.

மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் பழுதுக்கு ஆனது மூன்று பங்கு, மாற்றத்துக்கு ஆனது ஒரு பங்கு. பதிவும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தாயிற்று. இருசக்கர வாகனத்துக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில்தான் 300-லிருந்து 1000 ரூபாய் ஆகியிருந்தது. 2025 ஆகஸ்டில் இருபது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2000 ஆனது. அதற்கு முன்பே முடித்ததால் ஆயிரத்தோடு தப்பித்தார்கள்.

பயணம்

பிப்ரவரியில் ஒரு விடியற்காலை. புல்லட்டைக் கிளப்புவது ஒரு சடங்கு. கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே ஆம்பியர் மீட்டர் முள் நடுவில் வரும்வரை பார்க்க வேண்டும். டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளி, விட்டுவிட்டு, முழுசாக ஒரு உதை. இந்தக் கணக்குத் தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். அன்றைக்கு அப்பாவின் முழங்காலை நம்பாமல் மகன்தான் உதைத்தான். இரண்டாவது உதையில் வந்தது. அந்தச் சத்தத்துக்கு எதிர்வீட்டில் லைட் எரிந்தது. நான்கரை மணித் திட்டம் அத்தோடு காலி. நாலு வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று அம்மாவின் சுடிதாரைப் பார்த்தார்கள். சிரிக்கவும் செய்தார்கள். பிறகு ஒருத்தி ஓடிவந்து, தனக்காக மெழுகுவத்தி ஏற்றச் சொல்லி நூறு ரூபாய் கொடுத்தாள்.

ஐம்பது ஐம்பத்தைந்து வேகம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிக் கால் நீட்டல், தண்ணீர். முதல் நாள் கடலூர் தேவனாம்பட்டினத்தில் சொந்தக்காரர் வீடு. இரண்டாம் நாள் சிதம்பரம் தாண்டியதும் கிளட்ச் கேபிள் அறுந்தது.

இங்கேதான் மெக்கானிக் செய்திருந்த ஒரு சின்ன வேலை காப்பாற்றியது. இன்னொரு கிளட்ச் கேபிளைப் பழையதன் பக்கத்திலேயே ஓடவிட்டு, டேப் சுற்றி வைத்திருந்தார். இரண்டு முனையையும் மாற்றி மாட்டினால் போதும். கூடவே ஒரு பையில் ஸ்பார்க் பிளக், பாயின்ட், கண்டென்சர், ட்யூப், செயின் லாக், கொஞ்சம் வயர். அப்பா கீழே உட்கார முடியாததால் அம்மாதான் சாலையோரம் மண்டியிட்டு, அவர் சொல்லச் சொல்ல, கீழ்முனையை மாட்டினார். வலை பின்னிய விரல்களுக்கு அது பெரிய வேலையாக இல்லை. இருபது நிமிஷத்தில் கிளம்பிவிட்டார்கள்.

மதியம் வீட்டுக்கு போன் வந்தது. மகன் முதலில் கேட்டது வண்டியைப் பற்றி.

"வண்டிக்கு இன்னா, அது நல்லாத்தான் கீது. நாங்க கடல்ல கால் நனைச்சினு நிக்கறோம்" என்றார் அம்மா. பிறகு கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அலைச் சத்தம் மட்டும் கேட்டது. கோயிலுக்குப் போகும் முன்பே கடலுக்குப் போயிருக்கிறார்கள்.

திரும்பி வந்த வாரம் விலை பேசியவர் மறுபடி கூப்பிட்டார். மகன் போனை அப்பாவிடம் நீட்டினான். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சுடிதாரை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார், தூக்கிப் போடவில்லை.

"இப்ப இல்ல சார்" என்றார் அப்பா.

முழங்கால் சரியாகிவிடவில்லை. அது சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இப்போதெல்லாம் காலையில் ஷிப்டுக்குப் போவதற்கு முன் மகன் உதைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறான். முள் நடுவில் வந்ததும் நிறுத்தத் தெரிந்துவிட்டது. மாலையில் ஒரு வாளி தண்ணீரோடு அப்பா வண்டிப் பக்கம் போகிறார். மீன் பெட்டிக்குக் கீழே இப்போது ஒரு பழைய டயர் ட்யூபை வெட்டி விரித்திருக்கிறார்கள், உப்புத் தண்ணீர் மட்கார்டில் சொட்டாமல் இருக்க.